குவரானா பாட்டிலில் ஒரு சூரியன்

உச்சி வெயிலில் கொட்டகைக்குள் இருட்டியது.

சுல்மீரா சோப்பு காய்ச்சிக்கொண்டிருந்தாள். பொரித்து மிஞ்சிய எண்ணெயும் காஸ்டிக் காரமும் சேர்ந்து மூக்கை அரிக்கிற வாடை, துடுப்பு அண்டாவின் ஓரத்தில் உரசுகிற சத்தம், பக்கத்து வீட்டுக் கோழிகள் மண்ணைக் கீறுகிற சத்தம், எல்லாம் அப்படியே இருக்க, வெளிச்சம் மட்டும் போயிற்று. நிமிர்ந்தாள். கூரையைத் துளைத்துப் பாதி உள்ளே தொங்கிய பாட்டில், யாரோ மேலிருந்து குனிந்து பார்ப்பதுபோல் கறுத்திருந்தது. பிறகு தெளிந்தது.

வெளியே போய்ப் பார்த்தாள். மினாஸ் மாநிலத்து வானத்தில் ஒரு மேகம் இல்லை. கூரையில் ஒரு பூனைகூட இல்லை. திரும்பி வந்து துடுப்பை எடுத்தாள். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது; பயம் எங்கோ தூரத்திலேயே நின்றுவிட்டது. புருஷன் அடெமார் போனதிலிருந்து எதுவும் அவளிடம் முழுதாக வந்து சேர்வதில்லை.

கொட்டகைக்குக் கரண்ட் இழுக்க வசதியில்லாதவர்களுக்குக் கவுன்சிலர் ஒஸ்வாந்திர் சூரியனையே கொடுத்திருந்தார். இரண்டு லிட்டர் குவரானா சோடா பாட்டில், அது நிறையத் தண்ணீர், பாசி பிடிக்காமலிருக்க ஒரு மூடி ப்ளீச். கூரையில் ஓட்டை போட்டுச் செருகி, சுற்றிலும் பிசின் பூசிவிட்டால் பகலெல்லாம் பல்பு மாதிரி எரியும். பாட்டில் ஜனங்களுடையது. தண்ணீர் ஜனங்களுடையது. ஏறி ஓட்டை போட்டவன் அடெமார். கவுன்சிலருடையது கதவில் அறைந்த பலகை. அவருக்கு முன்னால் ஊரில் சூரியன் உதித்ததே இல்லை என்பது அதன் சாரம்.

திறப்பு விழாவில் அடெமாரைக் கூரைமேல் நிறுத்தினார்கள். "ஒரு அடி பின்னால போ, சிரி" என்றார் படம் எடுத்தவர். அடெமார் சொன்னதைக் கேட்கிறவன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்து, அண்டாவுக்குப் பக்கத்தில், அவள் காலடியில் விழுந்தான். வாய் அப்போதும் சிரித்தபடி இருந்தது. ஏழாம் நாள் பூசைக்குள் புது ஷீட் போட்டு, அவன் கையிலிருந்து உருண்ட அதே பாட்டிலைச் செருகிவிட்டார்கள். மக்கள் திட்டம் நிற்கக் கூடாதாம்.

அந்த முதல் நாளுக்குப் பின் தினமும் இருட்டு கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கியது. ஷீட் மெல்ல முனகும், யாரோ முழங்காலை மாற்றி வைப்பதுபோல். ஈரப் பிசின் வாடை இறங்கும்.

"அண்ணி, பூனையா இருக்கும்" என்றாள் அடெமாரின் தங்கை நெயூசா.

"பூனை பிசின் பூசுமா?"

நெயூசா சிலுவை போட்டுக்கொண்டாள்.

தேர்தல் நெருங்கியதும் கவுன்சிலர் வந்தார். வாசனை முன்னால் வந்தது, வயிறு அடுத்து, அவர் கடைசியாக.

"நாளைக்கு டீவிக்காரங்க வர்றாங்கம்மா. நீ கூரையேறி பாட்டிலைத் துடைக்கணும். புருஷன் விட்ட பணியைத் தொடர்ற வீரப் பெண்மணி! ஜனம் அழுதுரும்."

"நீங்களே ஏறுங்களேன் கவுன்சிலரே, ஷீட்டு தாங்குதான்னு பாத்துரலாம்" என்றாள் நெயூசா.

"தமாஷு! ஏறலேன்னா பாட்டிலைக் கழட்டி வேற பயனாளிக்குத் தர்றதா ஆயிரும். அது திட்டத்தோட சொத்து."

"யோவ், அது எங்க வீட்டு சோடா பாட்டிலுய்யா!"

"ஏறுறேன்" என்றாள் சுல்மீரா. வெளிச்சம் போனால் சோப்பு போகும், சோப்பு போனால் சோறு போகும். அதெல்லாம் வேறு யாருடைய கவலையோபோல் இருந்தது.

"அண்ணி, வேணாம். அண்ணன் ஒருத்தன் போனது போதும். எங்க அடுக்களையில சோப்பு காய்ச்சிக்கலாம்."

சுல்மீரா துடுப்பை எடுத்துக் கிண்டத் தொடங்கினாள்.

மறுநாள் மத்தியானம் வாசலில் கூட்டம். ஒலிபெருக்கி. கவுன்சிலர் இருளைப் பற்றிப் பேசினார். அதை நேரில் கண்டு துரத்தியவர்போல. படம் எடுக்க வெளியூரிலிருந்து புதுப் பையன் வந்திருந்தான். சுல்மீரா ஏணியை எடுக்கக் கொட்டகைக்குள் போனாள். நேற்றுக் காய்ச்சிய சோப்போடு அண்டா நடுவில் இருந்தது. ஏணியில் கை வைத்தாள்.

இருட்டியது.

இம்முறை தெளியவில்லை.

ஷீட் முனகியது. ஒரு முழங்கால். இன்னொன்று. பிறகு எழுந்து நிற்கிற பாரம். பாட்டிலின் தண்ணீர் லேசாக நடுங்கியது.

வெளியே ஒலிபெருக்கி நின்றது. பாதி வார்த்தையில்.

கதவு வழியே எல்லோரையும் பார்க்க முடிந்தது. கவுன்சிலர், டீவிக்காரர்கள், நெயூசா. எல்லோரும் கீழேதான் இருந்தார்கள். எல்லோரும் மேலே பார்த்தார்கள். கவுன்சிலரின் வாய் திறந்திருந்தது.

"அந்தம்மா ஏறுறதா சொன்னாங்க" என்றான் புதுப் பையன், கேமராவில் கண்ணை வைத்தபடி. "பரவால்லண்ணே, நீங்களே நில்லுங்க. நல்லா வருது."

"அண்ணா..." என்றாள் நெயூசா. மிக மெல்ல.

ஓடலாம். கதவு நாலு எட்டுதான். கால்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சுல்மீரா குனிந்து அண்டாவை ஒரு பக்கமாக நகர்த்தினாள். சிந்தாமல். இடம் விட்டு.

"பாட்டில் மறையுதுண்ணே. ஒரு அடி பின்னால. ஆங், சிரிங்க."

பாட்டில் சட்டென்று எரிந்தது. கொட்டகை முழுக்க வெள்ளை வெளிச்சம். அவள் உச்சந்தலைக்கு நேர்மேலே ஷீட் கீறிக்கொண்டு பிளந்தது. தூசி. ஈரப் பிசின்.

பிளவில் ஒரு முகம், தலைகீழாக.

விழவில்லை. படத்துக்காகச் சிரித்தபடி, அவளையே பார்த்துக்கொண்டு, அங்கேயே இருந்தது.