காற்றுப் புகாத அறையில் ஒரு மணி நேரம்

பெட்டி நனையக் கூடாது என்பதற்காக அந்த ஆள் நனைந்துகொண்டிருந்தான்.

சியோல் நகரத்து நவம்பர் மழை. பேருந்து நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே நல்ல கூட்டம். மிச்சமிருந்த ஒரே இடத்தைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டு அவன் வெளியே நின்றான். யேரிம் தன் குடையை அவன் பக்கம் நீட்டினாள். இரக்கம் என்று சொல்ல முடியாது. அவன் சட்டைத் தண்ணீர் அவள் ஷூவில் சொட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள என்ன, கைக்குழந்தையா?"

"காத்தாடி."

"நவம்பர்லயா?"

"எனக்கு வருஷம் பூரா வேர்க்கும்."

சிரிக்காமல் சொன்னான். கண்கள் மட்டும்... மழை கழுவிய கறுப்புக் கூழாங்கற்கள் மாதிரி இருந்தன. யேரிம் சட்டென்று திரும்பி, வரும் பேருந்தின் எண்ணைப் படிக்கத் தொடங்கினாள். இருக்கிற வேலையில் கூழாங்கல் வேறு கேட்குதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இருவரும் ஒரே பேருந்தில் ஏறினார்கள். ஒரே நிறுத்தத்தில் இறங்கினார்கள். குன்றின் படிக்கட்டுச் சந்திலும் ஒன்றாகவே ஏறினார்கள்.

"என்னங்க, என் கூடவே வர்றீங்க?"

"பெட்டியைத் தூக்கிட்டு முன்னாடி போறது நான். பின்னாடி வர்றது நீங்க."

அவன் போய் நின்றது அவளுடைய அப்பாவின் வாசலில்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. அவன் பெயர் சாங்மோ. கட்டடங்களில் காற்றுக் கசிவை அளக்க வெளி நிறுவனம் அனுப்பிய ஆள். அவள் வட்டார அலுவலகத்தின் வீட்டுவசதிப் பிரிவு அதிகாரி. அவன் அளக்க வந்த கட்டடம், மூன்று வருடமாக அவள் சுமந்துகொண்டிருக்கும் திட்டத்தின் முதல் கட்டடம்.

திட்டம் இதுதான். குன்றில் உள்ள பழைய நாலு மாடிக் குடியிருப்புகளை இடிக்கக் கூடாது. சுவருக்குத் தடிமனாக ஒரு போர்வை, ஜன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி, மொட்டைமாடியிலும் தெற்குச் சுவரிலும் சூரியத் தகடுகள். வெளியேறும் காற்றின் சூட்டைப் பிடித்து, உள்ளே வரும் புதுக் காற்றுக்குக் கொடுக்கும் இயந்திரம் ஒன்று கூரையில். வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை வீடே தயாரித்துக்கொள்ளும். காகிதத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். கட்டடம் தரத்தான் ஒருவரும் வரவில்லை. கடைசியில் அப்பாவின் கட்டடத்தையே கொடுத்தாள். குன்றில் இனி எந்தப் பழைய கட்டடத்தைப் பழுதுபார்த்தாலும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்ற விதி, அடுத்த மாதம் வட்டார மன்றத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது. இந்தச் சோதனையில் கட்டடம் தோற்றால் விதியும் தோற்கும்.

சாங்மோ கீழ் வீடுகளை முடித்துவிட்டு, மேல் மாடியில் அப்பாவின் வீட்டுக் கதவுக்குச் சிவப்புத் துணி கட்டினான். நடுவில் காத்தாடி. அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். எங்கே சந்து இருக்கிறதோ அங்கே வெளிக்காற்று உள்ளே பாயும். எவ்வளவு பாய்கிறது என்பதைக் கருவி சொல்லிவிடும். புகை விடும் குச்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவன் சுவரோரமாக நடந்தான். அப்பாவும் பின்னாலேயே போனார். யேரிம் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தேறல, மேடம்."

"இன்னொரு தரம் பாருங்க."

"மூணு தரம் பார்த்துட்டேன். கீழ் வீடெல்லாம் தேறிடுச்சு. இது மட்டும்தான்."

"உங்க மிஷின் நனைஞ்சிருக்கும்."

"நான்தான் நனைஞ்சேன். அது நனையல."

அவளுக்கு முகம் சுட்டது. சொல்லக் கூடாததைச் சொன்னாள். "கொஞ்சம்தானே அதிகம்... பார்த்து எழுதக் கூடாதா?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை.

"எழுதலாம் மேடம். அப்புறம் ஜனவரிக் குளிர் வருமே."

"ஓட்டை எங்கன்னாவது சொல்லுங்க" என்றாள்.

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கூரையைப் பார்த்தார்.

"அது என் வாயால வராது."

"கண்டுபிடிக்கத் தெரியலன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

"அப்படியே வச்சுக்கங்க." பெட்டியை மூடிவிட்டுப் போய்விட்டான்.

யேரிம் அன்றைக்கே அவனுடைய நிறுவனத்துக்கு எழுதினாள். மறு சோதனைக்கு வேறு திறமையான ஆளை அனுப்பவும். 'திறமையான' என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்தாள். கூழாங்கல்லாவது மண்ணாங்கட்டியாவது...

சனிக்கிழமை, குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்கு உப்பிட்ட முட்டைக்கோஸைக் கழுவ அப்பா வீட்டுக்குப் போனாள். வெளியே பேய்க்காற்று. ஏப்ரன் எடுக்க அப்பாவின் படுக்கையறை அலமாரியைத் திறந்தாள். எல்லா ஜன்னலும் மூடியிருந்த அறை அது. ஆனாலும் உள்ளே தொங்கிய சட்டைகள் மெல்ல ஆடின.

சட்டைகளை ஒதுக்கினாள். அலமாரியின் முதுகுப் பலகையிலும் அதன் பின்னால் சுவரிலும் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு துளை. அவள் பார்த்துப் பார்த்துப் போர்த்திய சுவரை யாரோ துரப்பணத்தால் குடைந்திருந்தார்கள்.

"அப்பா!"

அவர் உப்புக் கையோடு வந்து நின்றார்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா, தெரியும்ல?"

தெரியும். சின்ன வயதில் இறந்துபோனாள் என்பது மட்டும் தெரியும்.

"அப்பல்லாம் தரைக்கு அடியில கரி எரிச்சுத்தான் வீட்டைச் சூடு பண்ணுவோம். அன்னிக்கு ரொம்பக் குளிரு. உங்க பாட்டி சந்துபொந்தெல்லாம் பேப்பர் வச்சு அடைச்சா. கரிப்புகை தரை வெடிப்பு வழியா ஏறிடுச்சு. காலையில நான் எழுந்தேன். அவ எழுந்திரிக்கல."

"இந்த வீட்ல எரியறதுக்கே ஒண்ணும் இல்லப்பா. அடுப்புகூட கரண்ட்டுதான்."

"புரியுதும்மா. ஆனா தூக்கம் வரல. துளை போட்டப்புறம் வருது."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அந்தத் தம்பி புகையைக் காட்டி உடனே கண்டுபிடிச்சிருச்சு. நான்தான் கெஞ்சினேன், பொண்ணுகிட்ட சொல்லாதேன்னு. 'கணக்கை மாத்த மாட்டேன் ஐயா. ஆனா துளை உங்களோடது, நீங்களே சொல்லுங்க'ன்னுச்சு."

அவள் கைபேசியை எடுத்தாள். சாங்மோவை அழைத்தாள்.

"திறமை இல்லாத ஆள் பேசறேன்" என்றான் சாங்மோ.

"அந்த லெட்டரை வாபஸ் வாங்கிக்கறேன். எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மன்னிச்சுக்கங்க." மூச்சு விடாமல் சொன்னாள். "துளையை எப்படி அடைக்கறது? சுவரைச் சொல்லல... அப்பாவை."

"வரேன்" என்றான்.

மாலையில் மழையோடு வந்தான். கையளவு கருவி ஒன்றைக் கொண்டுவந்து, விஷவாயு இருந்தால் இது கத்தும் என்று அப்பாவுக்குக் காட்டினான். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"இது கத்தும்னு நீ சொல்ற. கத்தாமப் போச்சுன்னா? துளையை அடைச்சு, கதவைச் சாத்திட்டு, நீங்க ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் உள்ள இருங்க. உயிரோட வந்தா நான் நம்பறேன்."

"அப்பா..."

"சரி ஐயா" என்றான் சாங்மோ.

துளையில் பஞ்சை அடைத்துப் பட்டை ஒட்டினான். கதவு மூடியது. அறையில் ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும். ஜன்னலில் மழை கோடு கோடாக வழிந்தது. சத்தமே இல்லை. இவ்வளவு நல்ல ஜன்னல் போட்டிருக்க வேண்டாமோ என்று யேரிமுக்குத் தோன்றியது. தன் மூச்சே தனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்குமோ...

கதவு தட்டப்பட்டது. "இருக்கீங்களா?"

"இருக்கோம்ப்பா!"

சாங்மோ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான், யேரிம் நாற்காலியில்.

"அன்னிக்குக் குடையை நீட்டினது, உங்க தண்ணி என் ஷூவுல சொட்டினதாலதான்" என்றாள். எதையாவது பேச வேண்டும் என்று பேசியது.

"தெரியும். அன்னிக்கு என்னைக் கூட்டிட்டுப் போக ஆபீஸ் வேன் வந்துச்சு. கையைக் காட்டி அனுப்பிட்டேன்."

"அந்த மழையிலயா? ஏன்?"

"குடைக்குள்ள இருந்தேனே."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடியில் அவன் அவளைப் பார்ப்பது தெரிந்தது.

"நீங்க லெட்டரை வாபஸ் வாங்க வேண்டாம்" என்றான் அவன். "வேற ஆளை அனுப்பச் சொல்லி நானே எழுதிக் கொடுத்துட்டேன்."

"இன்னும் கோபமா?"

"விதி மேடம். சொந்தக்காரங்க வீட்டை நாங்க அளக்கக் கூடாது."

"நீங்க ஒண்ணும் சொந்தக்காரர் இல்லையே."

"இன்னும் இல்ல."

கூரையில் இயந்திரம் மெல்ல முணுமுணுத்தது. யேரிம் பதில் சொல்வதற்கு வாயைத் திறந்தாள்...

"இருக்கீங்களா?"

"இருக்கோம்ப்பா! கொஞ்சம் சும்மா இருங்களேன்!"

சாங்மோ முதல் முறையாகச் சிரித்தான். அவள் நாற்காலியை நகர்த்தி அவன் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதிக் கொடுத்தது நல்லதுதான்" என்றாள். "நான் விதி போடற ஆளு. விதியை மீற மாட்டேன்."

அதற்குப் பிறகு அப்பா தட்டியது இரண்டு பேருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

நேரம் முடிந்து கதவு திறந்தது. வாசலில் அப்பா ஒரு கிண்ணம் முள்ளங்கிக் கிம்ச்சித் தண்ணீரோடு நின்றார். கரிப்புகை ஏறினவர்களுக்கு அந்தக் காலத்தில் அதைத்தான் முதலில் புகட்டுவார்கள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முகம் இப்படிச் சிவந்திருக்கே! நான் சொல்லல? குடி... தம்பி, நீயும் குடி!"

சாங்மோ ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை யேரிமிடம் கொடுத்தான். பற்கள் கூசும் குளிர்ச்சி. அவளும் குடித்தாள்.

"இது காஸ் இல்லப்பா" என்றாள்.

அப்பா மகளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அலமாரிப் பக்கம் போய், துளையின் மேல் ஒட்டியிருந்த பட்டையைக் கட்டைவிரலால் இன்னொரு தரம் அழுத்தித் தேய்த்தார்.