கழித்துவிட்ட கோடு

“சார், பிளாங்க்கோட பழைய ஸ்பெக்ட்ரம் எல்லாம் பார்க்கணும். ஒண்ணு விடாம.”

கேட்டேவிட்டாள். ஆய்வு மாணவியாகச் சேர்ந்த அன்றே சீனியர் அக்கா எச்சரித்திருந்தாள்: “சார்கிட்ட லீவு கேளு, துணிஞ்சா ஸ்டைபெண்டுகூடக் கேளு. பிளாங்க்கை மட்டும் கேட்டுடாதே.”

பிளாங்க் என்றால் வெறும் கரைப்பான் ஊற்றிய கண்ணாடிக் குழாய். அதை, பொருளில் என்னென்ன இருக்கிறதென்று காட்டும் என்.எம்.ஆர். காந்தத்துக்குள் இறக்கி, வரும் ஸ்பெக்ட்ரம் கோட்டை ஆய்வு மாதிரியின் கோட்டிலிருந்து கழிக்க வேண்டும். ஆறு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு கழித்தாள். இன்று காலை, ஆய்வேட்டின் கடைசி அளவீட்டில், அலுப்பில் குழாயை இறக்கவே மறந்து பொத்தானை அழுத்திவிட்டாள். காந்தத்துக்குள் ஒன்றுமே இல்லை. ஆனாலும் திரையின் கோட்டில் பீக்குகள், கூர் முகடுகள், எழுந்தன.

பேராசிரியர் நிமிரவில்லை. “எதுக்கும்மா?”

“காலைல குழாயே இறக்கல, ஆனாலும் பீக் வந்துது. அது லாக்டேட் சார். பக்கத்துல கிரியாட்டின். மூளைத் திசுவுல வர்றது.”

“கழிச்சிடு.”

“ஒவ்வொரு ஸ்கேன்லயும் ஏறுது. மூச்சு முட்டினா அப்படித்தான் ஏறும்.”

“உனக்கு முன்னாடி நாலு பேர் கழிச்சாங்க. நாலு பேரும் இன்னைக்கு டாக்டர்.” ஆய்வேட்டின் கையெழுத்துத் தாளை அவள் பக்கம் தள்ளினார். “கழிச்சுக் கொண்டா, போடறேன். உங்கப்பா காத்துட்டு இருப்பாரில்ல?”

அப்பா கொத்தனார். சாரம் ஏறி முழங்கால் தேய்ந்தவர். இப்போதே போனில் ‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார். அவரை இழுத்ததில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பழசெல்லாம் எங்கே சார்?”

“அந்தக் கம்ப்யூட்டர்லயேதான் கெடக்கு. பூட்டியா வச்சிருக்கேன்?”

காந்தம் இருந்த அடித்தளத்து அறைக்கு இறங்கினாள். அதன் ஈரக்குளிரும், அசிட்டோன் வாடையும், பம்பின் ஓயாத சிணுங்கலும் ஆறு வருடமாக அவள் எலும்பில் ஊறியவை. இன்று அந்தச் சிணுங்கல் இழுத்து இழுத்து வந்தது, நடுவில் நின்றது, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதுகொடுத்தால் அதுவும் பிடித்துக்கொண்டது.

பழைய கோடுகளைத் திறந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பதினோரு வருடம். எல்லாவற்றிலும் அதே பீக்குகள். ஒரு நாள்கூடத் தணியவில்லை. பதினோரு வருடமாக மூச்சு முட்டியிருக்கிறது. பதினோரு வருடமாகக் கழித்திருக்கிறார்கள்.

அவளும்தான்.

“யாரு?” என்றாள்.

யாரும் தொடாமல் ஸ்கேன் ஓடியது. லாக்டேட் இறங்கியது. முதல் முறையாக.

உள்ளே இருப்பதற்கு அவள் குரல் கேட்டிருக்கிறது.

அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பில்லை. எல்லாக் கோடுகளையும் பென்டிரைவில் ஏற்றினாள். கையெழுத்துத் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதை பஸ்ஸில் யோசிக்கலாம். கழிக்கப் போவதில்லை, அது முடிந்த கதை.

கதவருகே திரும்பிப் பார்த்தாள்.

காந்தத்தின் உச்சியில், கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் மூடி. அதன் உள்பக்கம் ஆவி படிந்தது. மறைந்தது. படிந்தது.

கதவைச் சாத்தாமல் நடந்தாள்.