சாட்சிப் பெட்டி

"லீவுக்கு முன்னாடி நீதானே இங்க உட்கார்ந்து எதையோ தட்டிட்டிருந்தே!"

"அக்கா, அந்தச் சாட்சிப் பெட்டியை மாட்டினதே நான்! அதை நானே கழட்டுவேனா? பைத்தியமா எனக்கு—"

"பழுதுன்னு தூக்கிட்டுப் போனே! சாட்சியை முதல் சர்வருக்குள்ளயே திணிச்சிட்டு—"

"பொய்!"

மருத்துவமனையின் சர்வர் அறை வாசலில் இருவர் வந்து நின்றதை அக்காளும் தங்கையும் கவனிக்கவில்லை. ஒருவர், அவசரம் என்பதே அறியாததால் 'ஆமை' என்று பெயர் வாங்கிய துப்பறிவாளர். மற்றவள் அவருடைய உதவியாளர் 'பட்டாசு'. திரி இல்லாமலே வெடிப்பவள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க," என்றார் மருத்துவமனை இயக்குநர். பிறகு ஆமையிடம் திரும்பினார். "இந்த சர்வர்களைப் பார்த்துக்கிறது இவங்க கம்பெனி. காலையில முதல் சர்வர் கருகிடுச்சு. ரெண்டாவது உடனே எழுந்திருக்கணும், எழுந்திருக்கலை. ஆபரேஷன் மேசையில படுத்திருந்த ஆளோட ரத்த வகை திரையில வரலை. டாக்டரோட நிதானத்துலதான் பிழைச்சாரு. தப்பு யாருதுன்னு தெரியணும். அவங்களுக்கு இனி எந்த மருத்துவமனையிலும் வேலை கிடைக்காது."

தங்கையின் கையில் இன்னும் மருந்துப் பை இருந்தது. இடுப்பெலும்பு முறிந்த அம்மாவை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், செய்தி கேட்டு நேரே ஓடி வந்திருந்தாள்.

"எலி!" என்றாள் பட்டாசு. "எலிதான் கம்பியைக் கடிச்சிருக்கும்!"

"இரும்மா. அந்தப் பெட்டி எங்க இருந்துச்சு?"

மாடி அறைக்குப் போனார்கள். பட்டாசு நான்கு முறை தும்மினாள். பக்கத்துச் சுவரை இடித்துக் கட்டிய புழுதி அலமாரி முழுக்க மாவு போலப் படிந்திருந்தது. நடுத்தட்டில் மட்டும் ஒரு சதுரம் துடைத்தாற்போல் பளபளத்தது. ஆமை அதைப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"இந்தப் பெட்டி எதுக்கு, சார்?" என்றாள் பட்டாசு.

"ரெண்டு சர்வருக்கும் சேமிப்பகம் ஒண்ணுதான். ரெண்டும் ஒரே நேரத்துல எழுதினா பதிவெல்லாம் நாசம். அதனால மூணு ஓட்டு. சர்வருக்கு ஒண்ணு ஒண்ணு, சாட்சிப் பெட்டிக்கு ஒண்ணு. ரெண்டு ஓட்டு சேர்ந்தாத்தான் எழுதலாம். பெட்டியைத் தூக்கிட்டு சாட்சி வேலையை முதல் சர்வருக்குள்ளயே வச்சா, அது சாகும்போது சாட்சியும் சாகும். ரெண்டாவது ஒத்தை ஓட்டோட நிக்கும். அது தப்பே பண்ணலை. விதிப்படி வாயை மூடிட்டு நின்னுச்சு."

பிறகு அக்காளிடம் திரும்பினார். "மாதா மாதம் ஒத்திகை உண்டாம்மா?"

"தவறினதே இல்லை," என்றாள் அக்காள், இயக்குநரைப் பார்த்தபடி. "போன வாரம்கூட நானே முதல் சர்வரோட மின்கம்பியைப் பிடுங்கினேன். கண் மூடித் திறக்கிறதுக்குள்ள ரெண்டாவது எடுத்துக்கிச்சு."

"தங்கச்சி லீவுல போகுமுன்னயே சாட்சியை மாத்திட்டாங்கன்னு சொன்னீங்க. அப்படின்னா போன வாரம் கம்பியைப் பிடுங்கியிருந்தா, இன்னைக்கு நடந்தது அன்னைக்கே நடந்திருக்கும்."



"சரி, ஒத்திகை பார்க்கலை," என்றாள் அக்காள். "சோம்பல். அதுக்காக மாத்தினது நான்னு ஆயிடுமா?"

"ஆகாது. ஐயா, மாடியில சுவர் வேலை எப்போ நடந்துச்சு?"

"இந்தத் தங்கச்சி லீவுல போனப்புறம் ஆரம்பிச்சாங்க," என்றார் இயக்குநர். "போன வாரம்தான் முடிஞ்சுது."

"அதுக்கு முன்னாடியே பெட்டி போயிருந்தா, அந்த இடத்துலயும் புழுதி படிஞ்சிருக்கணும். அங்க மட்டும் இல்லை. சுவர் வேலை முடியிற வரைக்கும் பெட்டி அங்கதான் இருந்திருக்கு. அப்போ இவங்க அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிட்டிருந்தாங்க. இங்க இருந்த கம்பெனி ஆள் நீங்க ஒருத்தர்தான்," என்று அக்காளைப் பார்த்தார்.

"நான் அப்பவே நினைச்சேன்!" என்றாள் பட்டாசு.

"நீ எலின்னே."

தங்கை அந்தப் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை. "பெட்டி எங்க அக்கா?"

அக்காள் தரையைப் பார்த்தாள். "புது வாடிக்கையாளர்கிட்ட. அவசரமாக் கேட்டாங்க. புதுசு வந்ததும் திரும்ப வச்சிடலாம்னுதான்…"

"எனக்குத் தெரியாம நமக்குப் புது வாடிக்கையாளரா?"

"நமக்கு இல்லடி." குரல் உள்ளே போயிற்று. "எனக்கு. தனியாத் தொடங்கியிருக்கேன்."

இயக்குநர் எதையோ சொல்ல வாயெடுத்தார். ஆமை கையைக் காட்டி நிறுத்தினார்.

தங்கை மருந்துப் பையை மெல்ல மேசை மேல் வைத்தாள். அழவில்லை. அக்காளின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"தனியாப் போனது போகட்டும். என்னை மாட்டிவிடணும்னு பெட்டியைத் தூக்கும்போதே நினைச்சியா, இல்ல இன்னைக்கு என்னைப் பார்த்ததும்தான் தோணுச்சா?"