கதவின் உள்பக்கம்

மூன்றாவது தடவை பூசிய பச்சைப் பெயிண்டும் உரிந்திருந்தது. பலராமன் குந்தி உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தார். கதவின் உள்பக்கம், முழங்கால் உயரத்தில், நாலைந்து வெள்ளைக் கீறல்கள். காலையில் பெருக்கிய தரையில் பெயிண்ட் பொடி உதிர்ந்து கிடந்தது.

முதலியார்பேட்டையில் அந்தத் தெருவிலேயே இத்தனை பூட்டுப் போட்ட வீடு கிடையாது. மில் மூடியதும் காலாப்பட்டு அடுக்குமாடி ஒன்றில் வாட்ச்மேனாகச் சேர்ந்தவர், காவலில் கெட்டிக்காரர். மனைவி தையல்நாயகிக்கு மறதி நோய் முற்றியிருந்தது; ஒருநாள் அவள் வீராம்பட்டினம் கடற்கரை வரை நடந்துபோய் இடுப்பளவு அலையில் நின்றிருந்தாள். அதற்கப்புறம் வேலைக்குப் போகும்போதெல்லாம் வெளியே பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப்போனார். பாசத்தில்தான் செய்தார். சித்திரை மாதப் பகல் ஒன்றில், நெஞ்சு வலி வந்து அவள் அந்தக் கதவடியிலேயே செத்துப்போனாள்.

"ரெண்டு மணி வரைக்கும் பெறாண்டிக்கிட்டே இருந்துச்சுண்ணே," என்று பக்கத்து வீட்டு ஆயம்மா அழுதாள். "நீங்க ஃபோன எடுக்கல. அந்தப் பூட்ட எங்களால ஒடைக்கவும் முடியல."

கருமாதி முடிந்ததும்தான் முதல் தடவை பெயிண்ட் அடித்தார்.

தெருவில் இரண்டு வீட்டில் திருட்டுப் போயிருக்கிறது என்று கேள்விப்பட்டு, சென்னையில் இருக்கும் மகள் சுமலதா திருட்டு இன்சூரன்ஸுக்கு எழுதிப்போட்டிருந்தாள். அன்று மதியம் கம்பெனியிலிருந்து இளம்பரிதி வீட்டைப் பார்க்க வந்தான். கிரில் கேட்டை ஆட்டிப் பார்த்தான், ஜன்னல் கம்பிகளைப் படம் எடுத்தான்.

"எறும்புகூட நுழையாதுங்க," என்றவன் கதவடியில் குனிந்தான். "நாய் வளக்கறீங்களா?"

பலராமன் கதவடியில் கிடந்த பெயிண்ட் பொடியைக் காலால் ஓரம் தள்ளினார். இளம்பரிதி தானே தலையாட்டிக்கொண்டு, 'காவல் நாய் உண்டு' என்று எழுதிப் படிவத்தை நீட்டினான். பலராமன் கையெழுத்துப் போட்டார். பெண்டாட்டியை நாய் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பாவி அவர்.

அவன் போனபிறகு அவரால் உட்கார முடியவில்லை. கிரில் கேட்டைத் திறந்தார். பழைய மில் ஸ்குரூடிரைவரை எடுத்து, துருப்பிடித்த கீல்களில் டர்பன்டைன் விட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, வியர்வையும் அதன் வாடையும் மூக்கில் ஏற, மூச்சு வாங்கியபடி அந்தக் கதவை நிலையிலிருந்து பெயர்த்து, கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கதவில்லாத வாசல் வழியே உப்புக் காற்றும் யார் வீட்டிலோ மீன் பொரிக்கும் வாசனையும் உள்ளே வந்தன.

வாசலில் நின்று கையை நீட்டினார். அவள் உயிரோடு இருந்தபோது குளியலறைக்கு அழைத்துப்போவாரே, அதே மாதிரி.

"தெறந்துட்டேன் நாயகி. பூட்டே இல்ல. இப்படி வா."

உப்புக் காற்று அவர் கையை உரசிக்கொண்டு போனது. அவள் வெளியே போய்விட்டாள் என்று நினைத்தார்.

கர்ர்.

மரத்தில் நகம் கீறும் சத்தம். திரும்பினார். கூடத்தில் யாருமில்லை.

கர்ர். கர்ர்.

"வாசல் இங்க இருக்கும்மா." நிலையைத் தட்டிக் காட்டினார். "இங்க பாரு. இங்க."

அவளுக்குத் தெரியவில்லை. எது வாசல் என்றே தெரியவில்லை.

தெருவிளக்கு வெளிச்சம் கூடம்வரை நீண்டு கிடந்தது. சுவரில் சாய்ந்திருந்த கதவில், முழங்கால் உயரத்தில், புதுக்கோடு ஒன்று மெல்லக் கீழே இறங்கியது. நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று தொடங்கியது.