மூன்றாவது வளைவில் கொதிக்கும் வண்டி

காலை 7.40. வண்டி மறுபடியும் அதே மூன்றாவது வளைவில் நின்றுவிட்டது.

பானட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி சீறியது. பின்னால், ஒரு காலத்தில் பணக்காரர்கள் சாய்ந்து உட்கார்ந்த தோல் இருக்கையில், வீடுகளுக்கு வயரிங் செய்யும் வயர்மேனின் மனைவி வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டு மூச்சுக்குத் திணறினாள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர். போன முறையும் வண்டி இங்கேதான் காலை வாரியது. சுத்தம் நடக்கவில்லை. இன்றும் தவறினால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஷின் பத்து மணி வரை காத்திருக்கும். அதற்குப் பிறகு அடுத்த நோயாளிக்கு.

மழையில் சாலை சரிந்ததிலிருந்து ஆம்புலன்ஸ் இந்தப் பக்கம் வருவதில்லை. நாலு சக்கரமும் இழுக்கும் இந்தக் கிழட்டுச் சொகுசு ஜீப் மட்டும்தான் கல்லையும் சேற்றையும் தாண்டும். கொதிக்காமல் இருந்தால்.

போன் போன பத்தாவது நிமிடத்தில் மேட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் இறங்கி வந்தாள் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். நோயாளியின் அக்கா. திருட்டு வழக்கு பார்ப்பவள். எஞ்சினைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

"பைக்ல வெச்சுக் கூட்டிட்டுப் போயிடலாமா, மாப்ள?"

"போன தடவை முயற்சி பண்ணோம்கா. கொஞ்ச தூரத்துலயே மயங்கிச் சாஞ்சுட்டா." வயர்மேன் தன் தம்பியின் சட்டைக் காலரை இன்னும் விடவில்லை. தம்பியின் உதட்டில் ரத்தம் உறைந்திருந்தது. "இவனை விசாரிங்க. ராத்திரியில ரேடியேட்டர் தண்ணியை இறக்கி விடறான். வாளியோட வண்டிகிட்ட நின்னதை நானே பார்த்தேன். வண்டியை வித்துடலாம்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தவன் இவன்தான்."

"முதல்ல கையை எடுங்க. நான் யூனிஃபார்ம்ல இருக்கேன்."

கை விலகியது. அவள் தம்பியைப் பார்த்தாள்.

"வாளியோட வண்டிகிட்ட நின்னியா?"

"நின்னேன்கா. தண்ணி ஊத்தறதுக்கு. தினமும் குறையுது."

"பொய்!" என்றான் வயர்மேன்.

"மாப்ள, நீங்க வாயை மூடுங்க. டேய், கீழ சமவெளி ரோட்டுல கொதிச்சுதா?"

"இல்லைக்கா. நேத்துகூட சந்தை வரைக்கும் வேகமா போயிட்டு வந்தேன். பச்சப்புள்ள மாதிரி ஓடுச்சு. மேட்டுல உருட்டி உருட்டி ஏத்தினாத்தான் கொதிக்குது."

"தண்ணியை எவனாவது இறக்கியிருந்தா சமவெளியிலயும் கொதிச்சிருக்கும். கொதிக்கல. அதனால தண்ணி போனதால சூடாகல, சூடானதாலதான் தண்ணி வெளியே தள்ளிப் போகுது. இவனை விடுங்க."

வயர்மேன் முகம் வெளுத்தது. "அப்ப எஞ்சினே போச்சுன்னுதான் அர்த்தம். ரெண்டு மெக்கானிக் பார்த்துட்டாங்க. பம்ப்பை மாத்தியாச்சு, தெர்மோஸ்டாட்டை மாத்தியாச்சு. இனி எஞ்சினைப் பிரிக்கணுமாம். பிரிச்சா ஒரு மாசம். இவ ஒரு வாரம் தாங்க மாட்டா."

"ஃபேன்?"

"ஓடுது. ரெண்டு பேரும் பார்த்தாங்க. சூடேறினா தானா ஓடும். இப்பகூட ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, கேளுங்க."

எஞ்சின் அணைந்த பிறகும் உள்ளே மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலைத் தாண்டி பின் இருக்கையிலிருந்து தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, என்னைக் கொஞ்சம் இறக்கி விடேன். கால் ஐஸா இருக்கு. முன்னாடி போய் நின்னுக்கிறேன்."

"முன்னாடி எதுக்குடி?"

"வண்டி நின்னா அங்கதான் நிப்பேன். வெதுவெதுன்னு காத்து வரும். இந்தச் சனியனால எனக்குக் கிடைக்கிற ஒரே சுகம்."

சப்-இன்ஸ்பெக்டர் தங்கையை இறக்கவில்லை. தானே போய் முன் கம்பிச்சட்டத்துக்கு எதிரில் நின்றாள். கால்சட்டை படபடத்தது. முழங்காலில் சூடு அடித்தது. தங்கையின் மருந்துப் பையிலிருந்து ஒரு மெல்லிய காகிதத்தை உருவிக் கம்பியருகே நீட்டினாள். அது வெளிப்பக்கமாகத் துடித்தது. விட்டதும் பறந்து பள்ளத்தில் விழுந்தது.

"வண்டி ஓடறப்ப காத்து எந்தப் பக்கமிருந்து வரும்?"

"முன்னாடியிருந்துதான். ரேடியேட்டர் வழியா உள்ள போகும்" என்றான் தம்பி. சொல்லிவிட்டு அவனும் காகிதம் போன திசையைப் பார்த்தான்.

"அப்ப ஃபேன் ஏன் வெளிய ஊதுது?"

பானட்டைத் தூக்கினார்கள். விசிறி மட்டும் புதிதாக இருந்தது. அதற்குப் போன இரண்டு வயர்களும் முறுக்கி, மஞ்சள் டேப் சுற்றி, நுனி மடித்து இணைக்கப்பட்டிருந்தன. கச்சிதமான வேலை.

"இதை மாட்டினது யாரு, மாப்ள?"

"பழசு உடைஞ்சுபோச்சு. ஒர்க்‌ஷாப்புல மாட்டினாங்க."

"எந்த ஒர்க்‌ஷாப்?"

அவன் பானட்டை மூடக் கை வைத்தான்.

"உங்க வீட்டு சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கேன். இதே முறுக்கு, இதே மடிப்பு. திருடன் கைரேகையை மறைப்பான், கைப்பழக்கத்தை மறைக்க மாட்டான். கொதிக்க ஆரம்பிச்சது எப்ப? இது மாட்டினதுக்கு அப்புறமா?"

"ஆமாக்கா" என்றான் தம்பி. அண்ணனைப் பார்த்து, "வண்டியில கை வைக்காதேன்னு உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்!"

"மறுநாள் காலையில இவளைக் கூட்டிட்டுப் போகணும்டா. நீ ஊர்ல இல்ல. நான்தான் மாட்டினேன்." வயர்மேன் அக்காவிடம் திரும்பினான். "ஆனா தப்பா மாட்டலைக்கா. இருபது வருஷமா ஃபேன் மாட்டறேன். ரெண்டு வயர். எதை எதுல கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுத்தும். வீட்டு கரண்ட்டுல..."

அங்கேயே நின்றுவிட்டான்.

"சொல்லுங்க."

"இது பேட்டரி கரண்ட்டு." அவன் மட்காடைப் பிடித்துக்கொண்டான். "மாத்திக் கொடுத்தா எதிர்ப்பக்கம் சுத்தும். இது எனக்குத் தெரியும்கா. தெரியும். கை பழக்கத்துல கொடுத்திருக்கு."

"வேகமா போனா ஃபேனே தேவையில்ல, எதிர்க்காத்து போதும். மேட்டுல மெதுவா ஏறறப்ப ஃபேன் ஓட ஆரம்பிக்கும், வர்ற கொஞ்சக் காத்தையும் திருப்பித் தள்ளும். ஃபேன் ஓடுதான்னு எல்லாரும் பார்த்தாங்க. காத்து எங்க போகுதுன்னு ஒருத்தரும் பார்க்கல. ஒர்க்‌ஷாப் வேலைன்னு நீங்க சொன்னதால அந்த இணைப்பை யாரும் சந்தேகப்படவும் இல்ல." அவள் குற்றவாளியின் முகத்தைப் பார்த்தாள். "வேற ஆள் கிடையாது, மாப்ள. நீங்கதான்."

பின் இருக்கையிலிருந்து குரல் வந்தது. "தூக்குல அப்புறம் போடுங்க. முதல்ல வயரை மாத்துங்க."

டேப்பைப் பிரித்தார்கள். வயர்களை இடம் மாற்றினார்கள். விசிறி மறுபடி சுற்றியபோது அடுத்த காகிதம் கம்பிச்சட்டத்தில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. ஆனால் எஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்க முடியாது. நோயாளியின் மூச்சு மட்டும் கேட்டது. கரகரவென்று, ஈரமாக. தண்ணீர் ஊற்றி முடித்தபோது ஒன்பது தாண்டியிருந்தது.

வயர்மேன் சாவியை நீட்டினான். "நீ ஓட்டுடா. இனி இதுல நான் கை வைக்கல."

தம்பி வாங்கிக்கொண்டான். சப்-இன்ஸ்பெக்டரின் பைக் முன்னால் போனது. மூன்றாவது வளைவு. நான்காவது. சூட்டு முள் கொஞ்சம் ஏறி, தயங்கி, அங்கேயே நின்றது. சேற்றில் சக்கரம் வழுக்கி மறுபடி பிடித்தது.

"டேய்" என்றான் வயர்மேன். "உன்னை அடிச்சதுக்கு நான்..."

"பேசாத. அண்ணி மூச்சு விடறாங்களா பாரு."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கண்கள் மூடியிருந்தன. வெகுநேரம் எதுவும் அசையாதது போலிருந்தது. பிறகு மார்பு ஏறி இறங்கியது.

"விடறா."

"அப்ப அதை மட்டும் பார்த்துக்கிட்டே வா."