ஏனோக்கின் புதுத் தாடை

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் ரயில் ஸ்டேஷன் வாசலில், மழைக்கு ஒதுங்க ஓடிய ஐடா ஒருவன்மேல் மோதிவிட்டாள். கையிலிருந்த முட்டைக் கூடை சேற்றில் விழுந்தது...

“இன்னா, வழியில தூணு மாதிரி நிக்கிறீங்க? ஆஸ்பத்திரி முட்டைங்க இது!”

துண்டால் பாதி முகத்தை மூடியிருந்த அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

“வாயத் தொறந்து பதில் சொல்ல மாட்டீங்களா?”

மெல்லத் துண்டை விலக்கினான். கீழ்த்தாடையில் இடப்பக்கம் இல்லவே இல்லை... ஆனால் மழைத்துளி தங்கிய இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்... அவை சிரித்தன! குனிந்து, உடையாத முட்டைகளைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு நடந்தான்.

மறுநாள், அவள் நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றும் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் அவன் படுத்திருந்தான். பெயர் ஏனோக். போன வருஷம் சுரங்கத்தில் வேட்டு வெடித்துத் தாடை போனவன்.

வெள்ளைக்கார டாக்டர் துரை அவனுடைய விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டியெடுத்துத் தாடையில் பொருத்தினார். கழுத்துத் தோலைத் திருப்பி மேலே தைத்தார். “ஒட்டினால் அதிர்ஷ்டம்” என்றார்.

ஆறு வாரம் ஐடா பீங்கான் கெண்டியால் கஞ்சி புகட்டினாள். அவன் சிலேட்டில் எழுதிக் காட்டுவான்... ‘உப்பு இல்லை.’

“நாக்கு மட்டும் நல்லாத்தான் வேலை செய்யுது!”

எலும்பு ஒட்டியது. கட்டைப் பிரித்த அன்று கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தான். கோணலான முகம்... தையல் தழும்புகள்... சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு எழுதினான். ‘இனி வராதே. உன் இரக்கம் வேண்டாம்.’

ஐடாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் விடுவிடுவென்று வந்து நின்றாள்.

“இரக்கமா? இரக்கப்பட்டவ கஞ்சி ஊத்திட்டுப் போய்னே இருப்பா. பொண்ணு பாக்க வந்தவர வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டு இங்க வந்து நிப்பாளா? எனக்கு... உங்களத்தான்...”

உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் கை சிலேட்டைத் தேடியது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“எழுதினா ஒத்துக்க மாட்டேன். வாயால சொல்லுங்க!”

புதுத் தாடை மெல்ல அசைந்தது. குழறலாய், ஒவ்வொரு சொல்லாய்...

“மூணு நாளா... வாசலையே... பாத்துனு இருந்தேன்... ஐடா.”

அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. அவன் மூச்சுவாங்கி, நெற்றி வியர்க்க, மறுபடியும் வாயைத் திறந்தான்.

“உங்கப்பாகிட்ட... நானே... வந்து பேசறேன்.”