வலப்பக்கத்துக் கட்டை

சுரங்கப்பாதையை விட்டு வெளியே வந்து, தோ-அஷூ கணவாயின் முதல் கொண்டை ஊசி வளைவுக்கு மெலிஸ் வேகத்தைக் குறைக்கப்போனபோது, பிரேக் பெடல் அவன் கால் படுவதற்கு முன்பே ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

பிறகுதான் அவன் பூட்ஸ் அதைத் தொட்டது.

மதியம் மூன்று மணிதான். ஆனால் மேகம் சாலைமேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. வண்டிக்குள் ஆட்டுக்கறியும், பொரித்த போர்சோக் ரொட்டியும், ஈரக் கம்பளியும் கலந்த வாடை. மலைக்கு அந்தப் பக்கம் சூசாமிரில் அண்ணன் தாலாயின் ஆண்டு நினைவு விருந்தை முடித்துவிட்டு, மிஞ்சியதை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இருக்கையில் அண்ணி புருல், கால்களை இருக்கைமேல் மடக்கிச் சால்வைக்குள் புதைத்திருந்தாள்.

“என்னடா தம்பி, மாப்பிள்ளை ஊர்வலமா இது? இழுத்து இழுத்துப் பிடிக்கிறே.”

“ரோடு வழுக்குது அண்ணி.”

“உங்க அண்ணனா இருந்தா இந்நேரம் கீழ போய் ரெண்டாவது டீ குடிச்சிருப்பாரு.” சொல்லிவிட்டுச் சால்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

இது தாலாயின் வண்டி. போன வருடம் இதே இறக்கத்தில்தான் அவன் பாறையில் மோதிச் செத்தான். அன்று புருலும் உள்ளே இருந்தாள். தோள் எலும்பு முறிந்ததோடு பிழைத்தாள். அதைப்பற்றி இன்றுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மெலிஸ் மெக்கானிக். நொறுங்கிய வண்டியைக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து சரிசெய்தான். ஜப்பானிலிருந்து வந்த வண்டி, ஸ்டியரிங் வலப்பக்கம். இங்கே சாலையில் வலப்பக்கமாகப் போவதால், வாங்குகிறவர்கள் இடப்பக்கம்தான் கேட்கிறார்கள் என்று அதையும் மாற்றினான். நாளை சந்தையில் எவனாவது ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அதோடு நெஞ்சில் கிடப்பதும் போய்விடும் என்று நம்பியிருந்தான்.

நெஞ்சில் கிடந்தது இதுதான். அந்தப் பயணத்துக்கு முந்தின நாள் தாலாய் பிரேக் ஆயிலை மாற்றித் தரச் சொன்னான். பழைய ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கெட்டுப்போயிருக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். ஆயில் அழுத்தத்துக்கு மசியாது, ஆவி மசிந்துவிடும். பெடல் தரைவரை போகும், சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேராது. மெலிஸுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அன்று பசியாக இருந்தது. “மாத்திட்டேண்ணே, எடுத்துட்டுப் போ” என்றான். மாற்றவில்லை.

இரண்டாவது வளைவு. பெடல் மறுபடி முந்திக்கொண்டது. இம்முறை இரண்டு விரற்கடை.

ஏபிஎஸ்ஸாக இருக்கும் என்று நினைத்தான். சக்கரம் வழுக்கினால் அந்தக் கருவி தானே பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடும். பெடல் காலுக்கடியில் நடுங்கும். ஆனால் அது இருந்தால் பனியிலும் சரளையிலும் பிரேக் பிடித்தும் வண்டி நிற்காமல் ஓடுகிறதென்று இந்த மலையில் ஓட்டுகிற எல்லாரையும் போல அவனும் அதன் பியூஸைப் பிடுங்கி வைத்திருந்தான். அது வேலை செய்யவில்லை என்று காட்டும் மஞ்சள் விளக்கு எதிரே எரிந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வளைவில்தான் அவனுக்கு அந்தத் தண்டு நினைவுக்கு வந்தது. ஸ்டியரிங்கை மாற்றினானே தவிர, மிதியின் பலத்தைப் பெருக்கும் பூஸ்டரையும் ஆயிலைத் தள்ளும் சிலிண்டரையும் நகர்த்தவில்லை. அவை வலப்பக்கமே இருந்தன. டேஷ்போர்டுக்கு அடியில் குறுக்காக ஓர் இரும்புத் தண்டு. இந்தப் பெடலை மிதித்தால் தண்டு உருண்டு, அந்தப் பக்கம் பழைய பெடலின் கட்டையைத் தள்ளும். அந்தக் கட்டையை யாராவது மிதித்தால் இந்தப் பெடல் இறங்கும்.

பழைய பெடலை அறுத்தவன் அவன்தான். நான்கு விரல் நீளம் மட்டும் மிச்சம் விட்டிருந்தான். அது புருலின் இருக்கைக்கு முன்னால், கீழே, இருட்டில் இருந்தது.

திரும்பிப் பார்த்தான். அவள் கால்கள் இருக்கைமேல்தான் இருந்தன.

தீய்ந்த வாடை வந்தது. ரொட்டி இல்லை. பிரேக்.

“அண்ணி, தூங்கிட்டீங்களா?”

மேகத்துக்குள்ளிருந்து தாலாய் மோதிய அந்த வளைவு வந்தது. பாறையில் இன்னும் பெயின்ட் கீறல். பெடல் அவன் பூட்ஸைத் தன்னோடு இழுத்துக்கொண்டு இறங்கியது. ஏறியது. இறங்கியது. பிறகு மொத்தமாக விழுந்தது. தரைவரை. பஞ்சுபோல. புது ஆயில். இந்தத் தடவை அவனே ஊற்றியது. கியரை அடிமட்டத்துக்கு இழுத்தான். எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக். பின்பக்கம் வழுக்கி, பனிமேட்டில் உரசி, வண்டி நின்றது. எஞ்சின் அணைந்தது.

பெடலிலிருந்து காலை எடுத்தான். பெடல் தானாக இறங்கியது. ஏறியது. இறங்கியது. வேகமாக. பிரேக் பிடிக்காதபோது ஒரு மனிதன் மிதிப்பது போல. எஞ்சின் ஓடாவிட்டால் பூஸ்டருக்கு பலம் கிடையாது, இரண்டு மூன்று மிதிக்குமேல் பெடல் கல்லாக இறுகிவிட வேண்டும். ஆகவில்லை. கடக். கடக். கடக்.

“அன்னைக்கும் இதே சத்தம்தான்” என்றாள் புருல். அவள் தூங்கியிருக்கவில்லை. “விடாம மிதிச்சாரு. ‘மெலிஸ் மாத்திட்டானே, மெலிஸ் மாத்திட்டானே’ன்னு சொல்லிக்கிட்டே மிதிச்சாரு.”

“அண்ணி, காலைக் கீழ விடாதீங்க.”

“மாத்தினியா?”

கடக். கடக்.

“இல்ல அண்ணி.” ஹேண்ட் பிரேக்கை இன்னும் இறுக்கினான். “மாத்தல.”

சத்தம் நின்றது. பெடல் மெதுவாக, மிக மெதுவாக, தரைவரை இறங்கி அங்கேயே கிடந்தது. மேலே வரவில்லை. ஹேண்ட் பிரேக் அவன் கையில் விறைப்பாக இழுபட்டே இருந்தது. அடியில், பனி நொறுங்கும் ஓசையோடு, நான்கு சக்கரங்களும் இறக்கத்தை நோக்கி உருளத் தொடங்கின.

புருல் சாலையைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.